ஒரு கண்ணுக்கு லேசர், ஒரு கண்ணுக்குக் கத்தி

முதலில் காணாமல் போனது புள்ளி.

34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பக்கங்களை வீட்டுக்கு வரவழைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். 69 வயதில் ஒரு மாலை, "கல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கல" என்று இருந்தது. சிவப்பு மையில் புள்ளி வைத்தேன். அதே பக்கத்தில் இன்னும் ஒன்பது இடங்களில் வைத்தேன். மறுநாள் பக்க வடிவமைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, மிகவும் தயங்கி, "அம்மா, நீங்கள் வைக்கச் சொன்ன புள்ளிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன" என்றார்.

அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. இரண்டு சுழி ன-வும் மூன்று சுழி ண-வும் ஒன்றாகத் தெரிந்தன. ர-வின் அடியில் இருக்கும் சிறு சாய்கோடு கரைந்து, அது வெறும் துணைக்காலாக நின்றது. விளக்கை மாற்றினேன். கண்ணாடியை மாற்றினேன். அச்சகம் மட்டமான மை வாங்குகிறது என்றுகூடக் குறைப்பட்டுக்கொண்டேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறிவிட்டது என்று மட்டும் தோன்றவே இல்லை. கண்புரை வலிக்காது, சிவக்காது. ஒவ்வொரு நாளும் ஒரு துளி வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போகும்.

இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, இடது கண் இன்னும் சில காலம் தாங்கும் என்றார் டாக்டர். அவர் அறையிலிருந்து வெளியே வந்ததும் வேறோர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஆலோசகர் வழவழப்பான அட்டை ஒன்றை விரித்து வைத்தார். "சாதாரண முறையில் கத்தி வைப்பார்கள். லேசரில் கத்தியே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். உங்கள் வயதுக்கு இதுதான் பாதுகாப்பு" என்றார்.

"உங்கள் வயதுக்கு" என்ற அந்த இரண்டு சொற்கள்தான் என்னைக் கையெழுத்துப் போட வைத்தன. செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். கண் விஷயத்தில் கணக்குப் பார்க்கலாமா என்ற அச்சம் எனக்கு மட்டும் உள்ளது அல்ல, என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் உள்ளது. அந்த அச்சத்தின் மேல் ஏறித்தான் அந்த அட்டை விற்கிறது. இன்றுவரை எனக்கு அதில் கோபம் இருக்கிறது.

லேசர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளையான பாவை விரிவதற்கும், கண் மரத்துப்போவதற்கும் மாறி மாறிச் சொட்டு மருந்து விட்டார்கள். குறுகலான படுக்கை. தலைக்கு மேல் இயந்திரத்தின் கை. டாக்டர் என் கண்ணின் மேல் ஒரு வளையத்தைப் பொருத்தி, "அம்மா, இப்போது அழுத்தமாக இருக்கும், அசையாதீர்கள்" என்றார். வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. வலி இல்லை. யாரோ கட்டைவிரலால் கண்ணை அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. எதிரே தெரிந்த வெளிச்ச வளையம் மங்கி, ஒரு கணம் முழுவதும் இருண்டது. மெல்லிய ரீங்காரம். மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். 40 வந்தபோது "முடிந்தது" என்றார்.

முடிந்தது என்றதும் எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். "இல்லை அம்மா, இனிமேல்தான் ஆபரேஷன்" என்று என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. லேசர் கண்புரையை எடுப்பதில்லை. அது செய்வது முன்வேலை. கருவிழியின் ஓரத்தில் நுழைவாயில் கீறுகிறது. லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டம் வெட்டுகிறது. உள்ளே முற்றிய லென்ஸைத் துண்டு போடுகிறது. அதற்கு மேல் எல்லாமே பழைய வழிதான். அல்ட்ராசவுண்ட் அதிர்வில் இயங்கும் ஊசி போன்ற கருவியைக் கண்ணுக்குள் செலுத்தி, துண்டுகளைக் குழைத்து உறிஞ்சி எடுத்து, காலியான உறைக்குள் மடித்த செயற்கை லென்ஸை வைத்து விரிய விடுவது டாக்டரின் கைதான். ஃபேகோ என்று சொல்லப்படும் இந்த முறையை 1967-இல் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தார். பல் மருத்துவர் பற்களைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய அதிர்வுக் கருவியைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை பிறந்தது. அன்றிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றப்பட்ட முறை அது. லேசர் வந்து அதன் தோள்மேல் ஏறி நிற்கிறது, அதன் இடத்தைப் பிடித்துவிடவில்லை.

மறுநாள் கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் தெரிந்தது. வெள்ளை, வெள்ளையாக இருந்தது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தால் தாள் வெள்ளை, வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் அதே தாள் பழைய தேக்குப் பலகையின் நிறம். அன்று முழுவதும் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழியின் வெண்பகுதியில் மட்டும் இரத்தக் கசிவு, பிறை வடிவில், திட்டாக. அந்த உறிஞ்சு வளையம் விட்டுப்போன தடம் அது. பத்து நாளில் தானாக மறைந்தது.

அந்த மகிழ்ச்சியில் நான் செய்த காரியம்தான் இதை எழுத வைக்கிறது. என் அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்கும் கண்புரை, அவளுக்கும் நாள் குறித்திருந்தார்கள், சாதாரண முறையில். நான் சொன்னேன்: "அக்கா, அவசரப்படாதே. செய்தால் லேசரில்தான் செய்துகொள்ள வேண்டும். கத்தியே இல்லை. இந்த வயதில் இதுதான் பாதுகாப்பு."

கேட்ட வார்த்தையை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். பக்கத்து அறையில் நடந்தது எதையும் அவளிடம் சொல்லவில்லை.

அக்கா நாளைத் தள்ளிப்போட்டாள். லேசருக்கான பணம் சேரட்டும் என்று காத்திருந்தாள். மாதம் மாதம் சிறிது சிறிதாக எடுத்து வைத்தாள். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் கேட்க அவளுக்கு மனமில்லை. 14 மாதங்கள் அப்படியே கழிந்தன. ஒரு விடியற்காலையில், மாடிப்படியின் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடுப்பு தப்பியது.

மருத்துவமனையில் அவள் கையில் மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "படி தெரியவில்லை, எல்லாம் ஒரே நிறமாக இருந்தது" என்று மட்டும் சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடியவள், என் வாய் சொன்னதில் பிழை இருக்கிறதா என்று தேடினேன். மருத்துவம் படித்த ஓர் உறவுப் பெண் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்து, புரியாத இடங்களைப் பொறுமையாக விளக்கினாள்.

ஃபெம்டோ செகண்ட் லேசர் என்பது இதன் பெயர். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ செகண்ட். துடிப்பு அத்தனை குறுகியதாக இருப்பதால் சுற்றிலும் சூடேற்றாமல் குறித்த ஆழத்தில் மட்டும் திசுவைப் பிரிக்கிறது. கண்புரைக்கு இதை மனிதர்களிடம் முதலில் பயன்படுத்தியவர் ஹங்கேரியின் புடாபெஸ்டில் இருக்கும் செம்மல்வைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோல்டான் நாகி, 2008-இல். கையால் உறையைக் கிழிக்கும்போது வட்டம் சற்றுக் கோணலாகலாம். லேசரின் வட்டம் ஏறக்குறையப் பிசகுவதில்லை. இது உண்மை, இதை யாரும் மறுக்கவில்லை. துண்டுபோட்ட லென்ஸை எடுக்க அல்ட்ராசவுண்ட் ஆற்றல் குறைவாகப் போதும் என்பதும் உண்மை. கருவிழியின் உள்பக்கத்தில் இருக்கும் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை, ஆகவே ஆற்றல் குறைவது நல்லதுதான். மிகவும் இறுகிப்போன புரைக்கும், கருவிழி ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்களுக்கும் லேசரால் பயன் உண்டு என்று கருதும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நோயாளி கேட்பது வட்டம் எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்பதை அல்ல. எனக்குக் கண் நன்றாகத் தெரியுமா, எனக்கு ஆபத்து குறையுமா என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி பிரிட்டனில் 785 பேரை வைத்துச் சோதனை நடத்தினார்கள். யாருக்கு லேசர், யாருக்குச் சாதாரண முறை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி இல்லாமல் அளந்தபோது இரு அணிகளின் பார்வையும் ஒரே அளவு. பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகள் சேர்ந்து இன்னும் கண்டிப்பான சோதனை செய்தன. நோயாளிக்குத் தான் எந்த அணி என்று தெரியாமலிருக்க, லேசர் இல்லாதவர்களுக்கும் லேசர் செய்வதுபோல் பாவனை செய்தார்கள். எந்தப் பெரிய சிக்கலும் இல்லை, பார்வை முழு அளவு, கண்ணாடிப் பவர் கணித்தபடி, கருவிழி வளைவிலும் கோளாறு இல்லை என்ற நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். லேசர் அணியில் 41.1 சதவீதம், சாதாரண அணியில் 43.6 சதவீதம். இது 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கூடுதல் செலவுக்கு ஏற்ற கூடுதல் பயன் இல்லை என்பது இரண்டு ஆய்வுகளின் முடிவும். 2023-இல், மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 42 சோதனைகளை, 7,298 கண்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. இரண்டு முறைகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, இருந்தாலும் மிகச் சிறியது என்றே அதுவும் சொன்னது.

பாதுகாப்புப் பக்கத்தில் படம் இன்னும் கலங்கலாக இருக்கிறது. கண்புரை அறுவையில் டாக்டர்கள் அஞ்சுவது லென்ஸ் உறையின் பின்பக்கம் கிழிவதை. அதன் மிக மெல்லிய இடம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுதான். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 400 கண்களில் நடந்த சோதனையில் இந்தக் கிழிசல் லேசர் அணியில் ஒன்றுகூட இல்லை, மற்ற அணியில் 3 சதவீதம். லேசருக்குச் சாதகமான முடிவு, மறைக்கக் கூடாது. ஆனால் பல நாடுகளின் பதிவுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஐரோப்பிய ஒப்பீட்டில் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் லேசர் பக்கம்தான் சற்று அதிகம். ஆஸ்திரேலியாவின் தொடக்க கால ஆய்வு ஒன்று, உறையின் முன்பக்கக் கிழிசல் லேசரில் கூடுதலாக வருவதைக் காட்டியது. லேசர் ஒரே கோடாக வெட்டுவதில்லை, நெருக்கமான நுண்ணிய துளைகளாக இடுகிறது. அதனால் ஓரம் அஞ்சல்தலையின் ஓரம் போல இருக்கும், இழுத்தால் அங்கிருந்து கிழியலாம். இயந்திரங்கள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன. ஆக, லேசர் ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு அது மட்டும்தான் பாதுகாப்பு என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்கிறேன்.

வயதானவர்களுக்கு என்றே லேசரில் சில இடர்கள் இருப்பது அந்த அட்டையில் இல்லை. உறிஞ்சு வளையம் பிடித்திருக்கும் நேரத்தில் கண்ணின் அழுத்தம் ஏறுகிறது. கண் அழுத்த நோய் முற்றி நரம்பு ஏற்கெனவே நலிந்தவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும். லேசர் பட்டதும் கண்ணுக்குள் சில வேதிப்பொருட்கள் சுரந்து, விரிந்த பாவை சுருங்கத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே அழற்சி குறைக்கும் சொட்டு மருந்து விடுகிறார்கள். பாவை விரியாத கண்ணில் லேசரின் ஒளி அதன் ஓரத்தைத் தாண்டி உள்ளே போக முடியாது. கருவிழியில் தழும்பு இருந்தாலும் அதே தடைதான். தலை நடுக்கம் உள்ளவர்கள், முதுகு கூனி மல்லாக்கப் படுக்க முடியாதவர்கள், சொல்வது காதில் விழாதவர்கள், மறதி நோயால் சொன்னதைப் பிடித்துவைக்க இயலாதவர்கள் என்று நம் வயதில் எத்தனை பேர்! அந்த ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சிறிய காரியம் அல்ல.

என் அக்காவின் கதையும் இங்கேதான் வந்து நின்றது. கைக்கட்டு பிரித்த பிறகு அவளை என் டாக்டரிடமே அழைத்துப் போனேன். பணம் சேர்ந்துவிட்டது, லேசரே செய்துவிடுங்கள் என்று முதல் வார்த்தையாகச் சொன்னாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, அரை மணி கழித்துப் பார்த்து, மறுபடி விட்டுப் பார்த்தார். நெடுநாள் சர்க்கரை நோய் அவளுக்கு. பாவை பாதிக்குமேல் விரியவில்லை. டாக்டர் நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அம்மா, உங்கள் கண்ணுக்கு லேசர் பொருந்தாது. நான் கையால்தான் செய்ய வேண்டும். பாவையை விரித்துப் பிடிக்கச் சிறு வளையம் வைத்துச் செய்வேன். நன்றாகச் செய்யலாம், பயப்பட வேண்டாம். ஒரு வருஷம் முன்பே வந்திருந்தால் புரை இவ்வளவு இறுகியிருக்காது, எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்."

அக்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. எந்த லேசருக்காக 14 மாதம் காத்திருந்தாளோ அது அவள் கண்ணுக்கு முதலிலிருந்தே உரியதாக இருந்திருக்காது. ஒரு சோதனையில், ஒரு சொட்டு மருந்தில், அன்றே தெரிந்திருக்கும்.

நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், "எனக்கு லேசர் வேண்டும் என்று சொன்னார்களே, எதற்கு?" என்று. அவர் மழுப்பவில்லை. "உங்கள் கண்ணுக்கு இரண்டு முறையும் பொருந்தும். நீங்கள் தேர்ந்தெடுத்ததாகத்தான் எனக்குச் சொன்னார்கள்" என்றார். பிறகு ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். பார்வை எப்படி அமையும் என்பதை முடிவு செய்பவை எவை என்று எண்ணிக்கொண்டே வந்தார். அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பது, அதை வைத்து லென்ஸின் பவரைக் கணிப்பது, பின்னால் விழித்திரை நலமாக இருப்பது, செய்பவருக்கு அந்த மாதிரிக் கண்ணில் பழக்கம் இருப்பது, பிறகு சொட்டு மருந்தை ஒழுங்காக விடுவது. "வட்டம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் லென்ஸ் கடைசியில் எங்கே உட்காரும் என்பது உறை ஆறுவதைப் பொறுத்தது. அதை எந்த இயந்திரமும் நமக்குச் சொல்லாது" என்றார். இதே வார்த்தைகளை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அத்தானும் உடன் வந்திருந்தார். அவருக்கும் கண் பார்த்துவிடலாம் என்று உட்கார வைத்தபோது, சிறுநீர்த் தொல்லைக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். கண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அத்தானுக்கு வியப்பு. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை பாவையைச் சுற்றியிருக்கும் திரையைத் தொளதொளக்கச் செய்துவிடுமாம். அறுவையின் நடுவே அது அலையும், பாவை சுருங்கும். 2005-இல்தான் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார். வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடும் ஆண்கள் இருந்தால், நிறுத்திவிட்டாலும்கூட, மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். லேசரா கத்தியா என்ற விவாதத்தைவிட இது முதியவர்களுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு குழப்பமும் பலரிடம் இருக்கிறது. லென்ஸ் வைத்துச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, அதன் பின்னால் உள்ள உறை சிலருக்கு மங்கலாகும். அதில் யாக் லேசரால் சிறு துளையிட்டுச் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள். அது வேறு லேசர், வேறு வேலை. யாரோ ஒருவர் "லேசர் அடித்துப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டேன், கத்தி இல்லை" என்று சொன்னால் பெரும்பாலும் அவர் சொல்வது இதைத்தான். அதைக் கேட்டுத் தன் கண்புரையையும் அப்படியே கரைத்துவிடலாம் என்று காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பதைப் பற்றியும் ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைக் கடந்த 306 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு முதல் கண்ணில் உடனே அறுவை செய்தார்கள், மறு பாதிப் பேர் வழக்கமான வரிசையில் ஓராண்டு காத்திருந்தார்கள். உடனே செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. எலும்பு முறிந்தவர்கள் அந்த அணியில் 3 சதவீதம், காத்திருந்த அணியில் 8 சதவீதம். 2005-இல் வெளியானது. படித்துவிட்டு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். காத்திருந்த அந்த 8 சதவீதத்தில் ஒருத்தியாக என் அக்கா எனக்குத் தெரிந்தாள்.

அவளுக்கு அறுவை நடந்த அன்று நான் வெளியே அமர்ந்திருந்தேன். எனக்கு ஆனதைவிட நேரம் கூடுதலாகவே ஆனது, இறுகிய புரை. கருவிழி வீங்கியிருந்ததால் முதல் வாரம் பனிமூட்டம் போலத் தெரிகிறது என்றாள். அந்த வாரம் நான் சரியாக உறங்கவில்லை. பத்தாம் நாள் தெளிந்தது.

அடுத்த மாதம் என் இடது கண். இம்முறை லேசர் வேண்டாம் என்று நானே சொன்னேன். ஒரே அறை, ஒரே படுக்கை. உறிஞ்சு வளையம் இல்லை. விளக்கின் வெள்ளை வெளிச்சம், அதன் நடுவே நீலமும் இளஞ்சிவப்பும் நீரில் கரைவதுபோல் மிதந்தன. இயந்திரத்தின் ஒலி ஏறி இறங்கியது. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மறுநாள் விழியில் சிவப்புத் திட்டு இல்லை. மூன்று வாரம் கழித்து இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடி, மெய்ப்புத் தாளின் மிகச் சிறிய எழுத்தில், அடிக்குறிப்பில், புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன். வலது கண்ணில் எத்தனையோ இடது கண்ணிலும் அத்தனை. எது லேசர் கண் என்று சொல்லாமல் என்னை உட்காரவைத்துக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. என் ஒருத்தியின் இரண்டு கண்கள் சாட்சியாகிவிடாது, அது தெரியும். 7,298 கண்கள் சொன்னதற்கு இவை பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

வசதி இருந்து, கண்ணும் பொருந்தி, டாக்டரும் காரணம் சொன்னால் லேசர் செய்துகொள்ளுங்கள், தவறில்லை. "என் கண்ணில் லேசரால் எது மாறும்?" என்று அவரிடமே கேளுங்கள், ஆலோசகரிடம் அல்ல. பாவை எவ்வளவு விரிகிறது, கண் அழுத்தம் எவ்வளவு, விழித்திரை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பணம் சேரவில்லை என்பதற்காக ஒரு மாதம்கூட நாளைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் அக்காவிடமோ அம்மாவிடமோ தொலைபேசியில் ஆலோசனை சொல்லும்போது, கேட்டதை ஒப்பிக்காமல், பார்த்ததைச் சொல்லுங்கள்.

அக்காவின் இரண்டாவது கண்ணுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். சேர்த்த பணத்தில் மீந்ததைக் கொண்டு மாடிப்படியில் கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை ஒட்டச் சொல்லியிருக்கிறாள். நேற்றுப் போயிருந்தபோது மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நாளும் மாத்திரைப் பட்டையின் வடிவத்தைத் தடவித் தடவித்தான் எடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் அழுத்திப் பதித்திருக்கும் காலாவதித் தேதியைப் படித்தாள். நான்கு பட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இவை எல்லாம் தேதி முடிந்தவை. போகும்போது குப்பையில் போட்டுவிட்டுப் போ" என்றாள்.